துறைமுகத்துக்குள் ‘மெதுவாக’ என்றால் எவ்வளவு மெதுவாக?

வாசகர் கேள்வி: மதுரையில் வசிக்கும் நான், என் சகலையோடு கூட்டாக 24 அடி ஃபைபர் படகு ஒன்றை வாங்கி, இராமநாதபுரம் மாவட்டத்தில் பாக் நீரிணைக் கரையில் உள்ள ஒரு சிறிய மீன்பிடித் துறைமுகத்தில் கட்டி வைத்திருக்கிறேன். விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு தூண்டில் போடச் செல்வோம். துறைமுக வாசலில் ‘மெதுவாகச் செல்லவும்’ என்று ஒரு பலகை இருக்கிறது. எவ்வளவு வேகம் என்று அதில் இல்லை. வெளியே 18 நாட் (மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டர்) வேகத்தில் வரும் நான், வாசலுக்குள் நுழைந்ததும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன். அப்படியிருந்தும் சென்ற மாதம் ஜெட்டியில் (படகு கட்டும் மேடையில்) கட்டியிருந்த ஒரு வள்ளத்தின் கயிறு அறுந்து, அது பக்கத்துப் படகில் மோதி விளிம்பு உடைந்தது. அந்த வள்ளத்துக்குள் நின்று வலையை ஒதுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் விழுந்து மணிக்கட்டில் அடிபட்டது. நான் அந்த வள்ளத்தைத் தொடக்கூட இல்லை. கயிறும் பழைய கயிறு. ஏலத்துக்கு முந்துவதற்காக மீனவர்களே விடியற்காலையில் விரட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். இப்போது சங்கத்தில் என்னிடம் நஷ்டஈடு கேட்கிறார்கள். எண் போடாத பலகைக்கு மதிப்பு உண்டா? நான் செய்ததில் தவறு என்ன?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் உங்களுக்குச் சாதகமானது என்று நீங்கள் நம்பி எழுதியிருக்கும் வரியே உங்களுக்கு எதிரான சாட்சியாக இருக்கிறது. ‘வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன்’ என்கிறீர்கள். 18 நாட்டில் பாதி 9 நாட். உங்களுடையதைப் போன்ற 24 அடிப் படகு மிகப் பெரிய அலையை எழுப்பும் வேகம் ஏறக்குறைய அதுதான். முழு வேகத்தில் போயிருந்தால்கூட அந்த வள்ளத்தை எட்டிய அலை இதைவிடச் சிறியதாக இருந்திருக்கக்கூடும். இதைப் படித்துவிட்டு அடுத்த முறை முழு வேகத்தில் நுழைந்துவிடாதீர்கள். மோதினால் என்ன ஆகும் என்பது வேறு கணக்கு. நீங்கள் கவனத்தோடு குறைத்தீர்கள் என்பதை நான் நம்புகிறேன். குறைத்து நிறுத்திய இடம்தான் தவறு.

சாலை வாகனத்தில் பழகிய நமக்கு வேகம் குறையக் குறையத் தொல்லையும் அதே அளவில் குறையும் என்ற எண்ணம் படிந்துவிடுகிறது. நீரில் அப்படி இல்லை. மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கிக்கொண்டுதான் நகர வேண்டும். மிக மெதுவாகப் போகும்போது ஒதுங்கிய நீர் பின்னால் அமைதியாக மூடிக்கொள்கிறது. வேகம் கூடும்போது அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஒரு முகடும் பின்புறத்தில் ஒரு முகடுமாக அலை எழும்பி, அதன் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகிற வரை வளர்கிறது. நீரில் படியும் உங்கள் படகின் நீளத்துக்கு அந்த எல்லை சுமார் ஆறரை நாட். அதைத் தாண்டினால் படகு, தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏற முயலும். அணியம் வானத்தைப் பார்க்கும், பின்புறம் நீரில் அமிழும், எஞ்சின் உறுமும், முன்னால் என்ன வருகிறது என்பதே தெரியாது. 7 நாட்டிலிருந்து 12 நாட் வரையிலான இந்த மேட்டுப் பகுதியில்தான் எஞ்சினின் பலத்தில் பெரும்பங்கு அலையாக மாறி வெளியேறுகிறது. அதையும் கடந்து படகு நீரின் மேற்பரப்பில் வழுக்கத் தொடங்கிய பிறகு அலை மீண்டும் தாழ்கிறது. நீங்கள் அந்த மேட்டைத் தாண்டி வந்துவிட்டு, துறைமுகத்துக்குள் திரும்பவும் அதன் உச்சிக்கே இறங்கி, கடைசிவரை அங்கேயே நின்றபடி வந்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. அலையின் பலம் அதன் உயரத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடும். 15 சென்டிமீட்டர் அலையை ஒரு வள்ளம் தாலாட்டாக ஏற்றுக்கொள்ளும் என்றால், 45 சென்டிமீட்டர் அலை மூன்று மடங்கு பலத்தோடு வருவதில்லை, ஒன்பது மடங்கு பலத்தோடு வருகிறது.

உங்கள் துறைமுகத்தில் ஆழக் குறைவும் சேர்ந்துகொள்கிறது. பாக் நீரிணை ஆழமற்ற கடல் என்பது உங்களுக்கே தெரியும். ஜெட்டி ஓரத்தில் நீர் 2 மீட்டர்தான் என்று வைத்துக்கொண்டால், அந்த ஆழத்தில் ஓர் அலை ஓடக்கூடிய உச்ச வேகம் சுமார் எட்டரை நாட். படகும் அதே வேகத்தில் போனால், எழும்பும் அலை படகைவிட்டு விலகிப் போக வழியின்றி முன்னாலேயே குவியும். 1834இல் ஸ்காட்லாந்தின் ஒரு கால்வாயில் குதிரைகள் இழுத்துவந்த படகு திடீரென நின்றபோது, இப்படிக் குவிந்திருந்த நீர் மட்டும் நிற்காமல் ஒற்றை அலையாக உருண்டு முன்னேறியது. ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற பொறியாளர் குதிரையில் ஏறி ஒன்றிரண்டு மைல் தூரம் அதைத் துரத்திக்கொண்டு போனார். ஒன்று முதல் ஒன்றரை அடி உயரத்தோடு அது போய்க்கொண்டே இருந்தது. படகு நின்றதும் அலையும் நின்றுவிடும் என்று நம்புகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் கதை இது. வாசல் வரை 18 நாட்டில் வந்து, பலகையைப் பார்த்ததும் த்ராட்டிலை (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை) ஒரேயடியாகக் குறைத்தால், வெளியே நீங்கள் எழுப்பிய அலை உங்களுக்கு முன்பாகவே உள்ளே போய்ச் சேரும். சில சமயம் அது உங்கள் படகின் பின்புறத்தின் மேலேயே ஏறி எஞ்சினை நனைக்கும்.

உள்ளே போன அலைக்கு வெளியேற வழியும் இல்லை. மணற்கரையாக இருந்தால் அலை ஏறிப் படுத்துவிடும். செங்குத்தான கான்கிரீட் சுவர் அதைத் திருப்பி அனுப்பும், சுவரை ஒட்டிய இடத்தில் போகிற அலையும் வருகிற அலையும் சேர்ந்து உயரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இதைப் பார்க்க நீங்கள் இராமநாதபுரம் வரை போக வேண்டியதில்லை. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் நிறைந்திருக்கும் ஒரு மாலையில் கல்படியில் உட்கார்ந்து, படகு ஒன்று கடந்த பிறகு அதைப் பார்க்காமல் நீரைப் பாருங்கள். படகு மைய மண்டபத்துக்கு அப்பால் மறைந்த பிறகும், சுவரில் பட்டுத் திரும்பிய நெளிவுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு உங்கள் காலடியை நனைத்துக்கொண்டிருக்கும்.

மீனவர்கள் பாக் நீரிணைப் பக்கத்துக் கடலைப் பெண்கடல் என்று சொல்வது அதன் அமைதியைக் கருதித்தான். அந்த அமைதியை நம்பித்தான் வள்ளங்களை நான்கைந்தாக அடுத்தடுத்து நெருக்கிக் கட்டுகிறார்கள். இடையில் ஒரு பழைய டயர், அதுவும் இல்லாவிட்டால் சுருட்டிய சாக்கு. காற்றில்லாத காலை வேளையில் அந்தத் துறைமுகத்துக்குள் வரும் மிகப் பெரிய அலை கடலுடையதாக இருக்காது; யாரோ ஒருவருடைய படகினுடையதாகவே இருக்கும்.

‘தொடக்கூட இல்லை’ என்ற வாதத்துக்கு வருகிறேன். நம் ஊரில் பெருமழை பெய்து பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் முழங்கால் அளவு நீர் நிற்கும்போது, கடைக்காரர் வாசற்படியில் நின்று பேருந்துகளைப் பார்த்துக் கைநீட்டிக் கத்துவதைக் கண்டிருப்பீர்கள். பேருந்து கடையைத் தொடுவதில்லை. அது தள்ளிய நீர் படியேறி உள்ளே போய் அடி அடுக்கு அரிசி மூட்டையை நனைக்கிறது. ‘நான் இரண்டாவது கியரில்தானே வந்தேன்’ என்று ஓட்டுநர் சொன்னால் அந்தக் கடைக்காரர் என்ன பதில் சொல்வாரோ, அதையேதான் உங்கள் துறைமுகத்து மீனவர்களும் சொல்கிறார்கள்.

இதை உயரத்தில் உட்கார்ந்துகொண்டு உபதேசிக்கவில்லை. கப்பல் எஞ்சின்களோடு வேலை தொடங்கிய காலத்தில், ஒரு சிறு துறைமுகத்தில் பழுதுபார்த்த எஞ்சினைச் சோதிக்க ஒரு லாஞ்சை நானே ஓட்டிப் பார்த்தேன். ஓட்டியது ஏழெட்டு நாட்டுக்கு மேல் இருக்காது. சுவரோரம் கட்டியிருந்த ஒரு மரப்படகுக்கு, மிதவைப் பலகையில் மண்டியிட்டபடி ஒரு தச்சர் கலப்பத்து அடித்துக்கொண்டிருந்தார். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் இறுக்கும் வேலை அது. இடது கை உளியோடு படகின்மேல் இருக்க வேண்டும். நான் கடந்து போய்த் திரும்பிப் பார்த்தபோது அந்தப் படகு மெல்ல உயர்ந்து, அதைவிட மெல்லச் சுவர்ப் பக்கம் சாய்ந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை. அவருடைய இரண்டு விரல்களின் நுனி படகுக்கும் சுவருக்கும் இடையில் நசுங்கியிருந்தது. தலைத்துண்டால் கையைச் சுற்றிக்கொண்டு அவர் என்னை ஏசக்கூட இல்லை. நீரில் விழுந்த உளியைத்தான் தேடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கும் யாரையும் தொட்டதாகத் தெரியவில்லை.

இனிச் சட்டம். எண் இல்லாத பலகைக்கு மதிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பலகையே இல்லாவிட்டாலும் உங்களுக்குப் பொறுப்பு உண்டு. இந்தியா ஏற்றுக்கொண்டுள்ள, 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 6ஆவது விதி, எல்லாக் கலங்களும் எல்லா நேரமும் பாதுகாப்பான வேகத்தில்தான் செல்ல வேண்டும் என்கிறது. அதிலும் எண் கிடையாது. பார்வை எவ்வளவு தூரம் எட்டுகிறது, மீன்பிடிப் படகுகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன, காற்றும் நீரோட்டமும் எப்படி, இருக்கும் ஆழத்துக்கு உங்கள் படகு எவ்வளவு அமிழ்கிறது என்பவற்றை எடைபோட்டு வேகத்தை நீங்களே தீர்மானிக்க வேண்டும் என்று அந்த விதி பொறுப்பை ஓட்டுபவரின் தலையில் வைக்கிறது. துறைமுகத்துக்கெனத் தனி விதி வகுக்க உரிய அதிகாரிக்கு அதே விதித்தொகுப்பு இடம் தருகிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் மெதுவேகப் பகுதிக்குச் சட்டம் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது: படகு வழுக்கும் நிலையிலிருந்து முழுமையாக இறங்கி, நீரில் மட்டமாகப் படிந்திருக்க வேண்டும். படகுக்குப் படகு வேறுபடும் என்பதால் குறிப்பிட்ட வேகம் எதையும் விதிக்கவில்லை என்று அந்த விளக்கமே சொல்லிவிடுகிறது. எண் இல்லாதது ஓட்டை அல்ல. சில இடங்களில் யோசித்தே விடப்பட்டது.

நம் குற்றவியல் சட்டமும் எண்ணைப் பார்ப்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 282ஆவது பிரிவு, மனித உயிருக்கு ஆபத்தோ பிறருக்குக் காயமோ விளையக்கூடிய அளவுக்கு அசட்டையாக அல்லது கவனக்குறைவாகக் கலத்தைச் செலுத்துபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 280ஆவது பிரிவாக இருந்தது. உங்கள் செயல் அந்த அளவுக்குப் போகிறதா என்பதை நான் தீர்மானிக்க முடியாது. பெரியவருக்குக் காயம் பட்டிருப்பதால், சங்கத்தோடு பேச உட்காருவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். படகுக்குக் காப்பீடு எடுத்திருந்தால் மூன்றாம் நபர் இழப்புக்கு அதில் இடம் உண்டா என்று பார்த்து, உடனே எழுத்தில் தகவல் கொடுங்கள்.

சரி, எவ்வளவு மெதுவாக என்ற கேள்விக்கு உங்கள் படகிடமிருந்தே விடை வாங்கிவிடலாம். காற்றில்லாத ஒரு காலையில், வழக்கமாக ஏற்றும் ஆட்களையும் ஐஸ் பெட்டியையும் டீசலையோ பெட்ரோலையோ அதே அளவில் ஏற்றிக்கொண்டு, துறைமுகத்துக்கு வெளியே நீர் தேங்கினாற்போல் இருக்கும் இடத்துக்குப் போங்கள். கைப்பேசியில் வேகம் காட்டும் செயலியைத் திறந்து சகலையின் கையில் கொடுத்துவிடுங்கள். எஞ்சினைக் கியரில் போட்டு, த்ராட்டிலைத் தொடாமல் விட்டால் படகு 3 நாட்டை ஒட்டி நகரும். அங்கிருந்து நூல் பிடித்தாற்போல் கூட்டிக்கொண்டே வாருங்கள். கண் முன்னால் வேண்டாம், பின்னால் இருக்கட்டும், முன்னால் பார்க்க வேறொருவரை நிறுத்துங்கள். பின்னால் வரும் நெளிவு கண்ணாடி மடிந்தாற்போல் வழவழவென்று இருக்கிற வரை சரி. அதன் விளிம்பு சுருண்டு வெள்ளை காட்டத் தொடங்கினால், அல்லது அணியம் ஒரு கையளவு உயர்ந்தால், நீங்கள் தாண்டிவிட்டீர்கள். பெரும்பாலும் 4 நாட்டுக்கும் 5 நாட்டுக்கும் இடையில் அந்த எல்லை கிடைக்கும். அந்த இடத்தில் த்ராட்டில் நெம்புகோலின் அடியில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஆட்கள் எல்லோரும் பின்னால் எஞ்சினைச் சுற்றி உட்கார்ந்தால் அதே வேகத்தில் அலை பெரிதாகும். துறைமுகத்துக்குள் வரும்போது இருவரையாவது நடுவுக்கு நகர்த்துங்கள்.

4 நாட் என்பது நன்றாகக் கைவீசி நடப்பவரின் வேகம். வாசலிலிருந்து உங்கள் இடத்துக்கு 300 மீட்டர் என்றால், 9 நாட்டில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், 4 நாட்டில் இரண்டரை நிமிடம். இந்த ஒன்றரை நிமிடத்துக்குத்தான் இத்தனை வழக்கு.

குறைக்கத் தொடங்க வேண்டியது பலகையின் அருகில் அல்ல, அதற்கு ஒரு 200 மீட்டர் முன்பே. ஒரேயடியாக வெட்டாமல் படிப்படியாக இறக்கி, மேட்டுப் பகுதியை வெளியிலேயே கடந்துவிட்டு, வாசலில் நுழையும்போது படகு மட்டமாக இருக்கட்டும். வாசலுக்கு வெளியே கடற்புல் படர்ந்த ஆழமற்ற பகுதிகளிலும் இதே பழக்கம் நல்லது. கடற்பசு மூச்சுவிட மேலே வந்துதான் ஆக வேண்டும், வேகமாக வரும் படகை விட்டு விலக அதற்கு நேரம் இருப்பதில்லை.

விலக்கு ஒன்று உண்டு. வாடைக்காற்று பலமாக வீசும் நாட்களில் 3 நாட்டில் சுக்கான் பிடிக்காது. இலேசான ஃபைபர் படகைக் காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்க் கட்டியிருக்கும் படகுகளின் மேலேயே சாத்திவிடும். அந்த நேரத்தில் படகைக் கட்டுக்குள் வைத்திருக்கத் தேவையான வேகமே சரியான வேகம், அலை சற்று எழும்பினாலும் பரவாயில்லை. அணியத்தில் ஓர் ஆளைக் கழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மீனவர்களே விரட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று எழுதியிருப்பதில் உண்மை இருக்கிறது. கனத்த விசைப்படகு 6 நாட்டில் எழுப்பும் அலை, உங்கள் படகு 4 நாட்டில் எழுப்புவதைவிடப் பன்மடங்கு பெரிது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள்: ஏலத்துக்கு முந்தும் அந்தப் படகுக்காரருக்கு அந்த நேரத்தில் யார் எங்கே கட்டியிருக்கிறார், எந்த வள்ளத்தில் ஆள் நிற்கிறார் என்பதெல்லாம் தெரியும், அவர் படகும் அதே ஜெட்டியில் நாளைக்கு ஆடப்போகிறது. இது அவர் செய்வதை நியாயப்படுத்தாது. குறையைச் சரிசெய்ய விரும்பினால், நீங்களும் சங்கமுமாகச் சேர்ந்து மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்து, எல்லாப் படகுகளுக்கும் பொதுவான ஒரு வேகத்தைப் பலகையில் எழுதச் சொல்லலாம். பிரிட்டனின் சிறு துறைமுகங்கள் பலவற்றில் 4 முதல் 6 நாட் வரை எண் போட்டே வைத்திருக்கிறார்கள். வாசலுக்கு வெளியே கொடி கட்டிய இரண்டு மிதவைகளை நங்கூரமிட்டு, குறைக்கத் தொடங்கும் இடத்தைக் காட்டினால் இருட்டில் வருபவருக்கும் உதவும். ஆனால் இந்தப் பேச்சை நஷ்டஈட்டுப் பேச்சோடு சேர்க்காதீர்கள். அடிபட்டவரின் முன்னால் உட்கார்ந்து ‘நீங்கள் மட்டும் என்ன’ என்று தொடங்கினால் அதற்குப் பிறகு யாரும் எதையும் கேட்கமாட்டார்கள்.

கயிறு பழையது என்பதும் உண்மையாகவே இருக்கலாம். நைலான் கயிறு வெயிலில் வெளிறி, ஜெட்டி விளிம்பில் உரசி உரசிப் பஞ்சாகிப் போவதைப் பார்த்திருக்கிறேன். பேச்சில் அதைக் கணக்கில் எடுக்கச் சொல்லி, உடைந்த விளிம்பின் செலவில் ஒரு பங்கை அவர்கள் ஏற்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. என்றாலும் அந்தப் பழைய கயிறு நீங்கள் வரும்வரை தாங்கிக்கொண்டுதான் இருந்தது. பெரியவரின் மருத்துவச் செலவிலும், கை சரியாகும்வரை அவர் இழக்கும் கூலியிலும் பங்கு பேசுவதை நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்யமாட்டேன்.

அவரை இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். சங்கத்தில் கூட்டம் போடும்வரை காத்திருக்க வேண்டாம். வழக்கறிஞரிடம் பேசிய கையோடு, தொழிலுக்குப் போகாத நாளாகப் பார்த்து, சகலையையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போங்கள். படகில் போகாமல் பேருந்திலோ காரிலோ போங்கள்.